கோணல் வரிசை

அந்த வீட்டுக்குள் நடக்க நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். கதவைத் திறந்தால் முகத்தில் ஈரப் போர்வை அறையும். அதை விலக்கினால் தலையணை உறைகள். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து விடுதிப் படுக்கை விரிப்புகள் கன்னத்தைத் தடவிவிடும். மாடிப்படிக் கைப்பிடி முழுக்கத் துண்டுகள், ஜன்னல் கம்பியில் மேசை விரிப்புகள், கட்டில் தலைமாட்டில் யாரோ ஒரு பணக்காரரின் சட்டைகள். சுவர்களில் பூஞ்சை ஏறி, வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் வருஷம் முழுக்க இருமல். சலவைத் தொழில் செய்கிற வீட்டில் ஈரம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லலாம். ஆனால் இது தொழிலால் வந்த ஈரம் அல்ல, சண்டையால் வந்தது.

கடைசித் தெருவுக்குப் பின்னால் ஒரு திடல் உண்டு. யாருக்கும் சொந்தமில்லாத இடம், அதனாலேயே எல்லோரும் சொந்தம் கொண்டாடிய இடம். மாடுகள் மேயும். பிள்ளைகள் பந்தடிப்பார்கள். லாரிக்காரர்கள் மத்தியானத்தில் துண்டை விரித்துத் தூங்குவார்கள். சலவைக்காரர்கள் கொடி கட்டுவார்கள். சண்டை வந்தபோது ராணுவம் வந்து, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி, அதைச் சுற்றி முள்கம்பி போட்டது. கொஞ்ச நாள் என்பது வருஷக்கணக்கில் நீண்டது. சண்டை ஓய்ந்ததும் முகாமைக் காலி செய்துகொண்டு போனார்கள். கதவு, ஜன்னல், தண்ணீர்க் குழாய், பூட்டு என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போனவர்கள், முகாமைச் சுற்றிப் புதைத்து வைத்த கண்ணிவெடிகளை மட்டும் பெருந்தன்மையாக ஊருக்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

அவற்றை எடுக்க வந்த குழுவில்தான் இந்த வீட்டு மருமகள் வேலை பார்த்தாள். குழுவில் அவளுக்கு ஆமை என்று பெயர். முதுகிலும் மார்பிலும் கனத்த கவச அங்கி, முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி, மண்ணில் முழங்கால். அந்தக் கோலத்தில் யாரைப் பார்த்தாலும் ஆமை மாதிரிதான் இருக்கும். ஆனால் மற்றவர்களைவிட அவள் மெதுவாக நகர்வாள் என்பதால் பெயர் அவளுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. பெயர் தெருவுக்கும் பரவி, டீக்கடைக்காரர்கூட, "ஆமைக்கு ஒரு டீ, சர்க்கரை தூக்கலா" என்று சத்தம் போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

திடலை ஒப்படைக்கும் நாள் குறித்தாகிவிட்டது. நாளை மறுநாள். கான்கிரீட் தளங்களை உடைத்து அள்ளியாயிற்று, பதுங்கு குழிகளை மூடியாயிற்று, எண்ணெய் ஊறிய மண்ணை வாரிக் கொட்டிவிட்டுப் புதுமண் போட்டாயிற்று. மேடை போட ஆட்கள் வந்து நாற்காலிகளை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அன்று மாலை ஆமை வீட்டுக்கு வரும்போது ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. உட்கார வேண்டும். உட்கார்ந்தபடியே செத்துப்போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு அலுப்பு.

ஈரத் துணிகளுக்கு நடுவிலிருந்து மாமியார் ஒரு வெள்ளை விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் பாரு. விடுதிக்காரன் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடப்போறான்."

விரிப்பின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிவப்புக் கறை.

"ரத்தமா அத்தை?"

"ரத்தக் கறையை எனக்குத் தெரியாதா? உப்புத் தண்ணியில ஊறப் போட்டா ஓடிப்போயிரும். இது என்ன பண்ணாலும் அசைய மாட்டேங்குது. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல."

ஆமை விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரிந்த சிவப்பு. பொடியாக வாங்கி வாளியில் தண்ணீர் விட்டுக் கலக்கி, குச்சிகளின் தலைக்கு அவள் தன் கையாலேயே பூசிய சிவப்பு. நகக்கண்ணிலிருந்து அது போகவே ஒரு வாரம் ஆகும்.

குழுவின் வேலைமுறை இதுதான். ஆளுக்கு ஒரு பட்டை நிலம், இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்துகிற கருவியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் போட்டு, முன்னால் இருக்கிற மண்ணைச் சாண் சாணாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மாலையில் வேலை எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் சிவப்புத் தலைக் குச்சியை நட வேண்டும். குச்சிக்கு இந்தப் பக்கம் நடக்கலாம், அந்தப் பக்கம் நடக்கக் கூடாது. மறுநாள் அந்தக் குச்சியிலிருந்துதான் வேலை தொடங்கும். ஒருவர் பட்டை நீளமாக இருக்கும், ஆமையினுடையது குட்டையாக இருக்கும். அதனால் குச்சி வரிசை எப்போதும் கோணல் பல் வரிசை மாதிரி முன்னும் பின்னுமாகத்தான் இருக்கும்.

"இந்த விரிப்பை எங்க காயப்போட்டீங்க?"

"மாடிப்படிச் சந்துல. எப்பவும் போடற இடம்தான்."

ஆமை படியேறினாள். சந்தில், சுவர் ஓட்டைகளில் கட்டைகளை அறைந்து, அவற்றில் கயிறு கட்டியிருந்தது. எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறாள். கட்டைகளின் தலையில் பழைய துணி சுற்றியிருந்தது. துணி கிழியாமல் இருக்க அத்தை சுற்றியிருப்பாள் என்று நினைத்திருந்தாள், அல்லது எதையுமே நினைக்காத அளவுக்குக் களைத்திருந்தாள். இப்போது ஒன்றின் துணியைப் பிரித்தாள். உள்ளே சிவப்புத் தலை. அடுத்ததைப் பிரித்தாள். அதுவும் சிவப்பு.

குச்சியைப் பற்றியபடியே, கீழே நின்ற மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, இதை எப்ப எடுத்தீங்க?"

மாமியார் முகம் ஒரு நொடி திருடியின் முகமாகி, மறுநொடியே பழைய முகத்துக்குத் திரும்பிவிட்டது. தப்பு செய்து மாட்டிக்கொண்டால் முதலில் கோபப்பட வேண்டும் என்பது அவள் ஆயுள் அனுபவம்.

"நாலு கட்டை எடுத்ததுக்கு என்னமோ நகையைத் தூக்கிட்ட மாதிரி கேக்குற? மழைக்கு நீங்கள்லாம் லீவு விட்டீங்களே, அப்ப எடுத்தேன். அங்க சும்மா நட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு. இங்க அடைமழையில ஒரு துணி காயல."

"எந்தப் பக்கம்?"

"மேற்கால. ஓடை ஓரமா."

"எடுத்த இடத்துல வெறுமையா விட்டீங்களா?"

"விடுவேனா? பல்லு போன மாதிரி தெரியும், நீ கண்டுபிடிச்சிருவேன்னு எனக்குத் தெரியாதா? மிச்சம் இருந்ததைப் பிடுங்கி, சமமா இடைவெளி விட்டு நட்டேன். அதுவே கோணல் மாணலா இருந்துச்சு. நேராக்கி வச்சேன். உங்க ஆளுங்க யாருக்காச்சும் ஒரு வரிசையை ஒழுங்கா நடத் தெரியுதா?"

கொடியில் துணி போடும்போது ஒரு விரிப்பு விரற்கடை தாழ்ந்திருந்தாலும் திரும்ப வந்து இழுத்துவிடுகிற கை அது. அந்தக் கை கோணலைப் பார்த்துவிட்டுச் சும்மா வருமா?

"நேராக்குனீங்க." ஆமை ஒரு படி இறங்கினாள். "குட்டையா இருந்த வரிசைக் குச்சியை முன்னால தள்ளி நட்டீங்களா?"

"தள்ளாம எப்படி நேராகும்?"

"அப்ப உள்ள கால் வச்சீங்க."

"வெளியில நின்னு கையை நீட்டினா எட்டுமா? வச்சேன். நல்லா மிதிச்சு, கல்லால தட்டித்தான் நட்டேன். இப்ப என்ன ஆயிருச்சு? உசுரோடதானே நிக்கிறேன்?"

ஆமை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார வேண்டும் என்ற ஆசை இப்படி நிறைவேறும் என்று அவள் நினைக்கவில்லை. கண்ணுக்குள் ஒரு படம் வந்து நின்றது: மழையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் குச்சியும் ஒரு கையில் கல்லுமாக, யாரும் கால் வைக்காத மண்ணில் இந்தப் பொம்பளை அளவு பார்த்து அளவு பார்த்து நடக்கிறாள். திட்டவும் தோன்றியது, கட்டிப்பிடித்துக்கொண்டு அழவும் தோன்றியது. அலுப்பில் இரண்டையும் செய்யவில்லை.

மழை விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மேற்குப் பக்கம் குச்சிகள் அழகாக ஒரே வரிசையில் நின்றன. யாரோ ஒழுங்காக நட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த வரிசையிலிருந்துதான் எல்லோரும் தொடங்கினார்கள். பழைய வரிசைக்கும் புது வரிசைக்கும் நடுவில் யார் கையும் படாத நிலம் எவ்வளவு, எந்த இடத்தில் என்று இப்போது அத்தைக்கும் தெரியாது, கடவுளுக்கு மட்டும் தெரியலாம்.

மகன் வந்தான். நகரப் பேருந்து ஓட்டுநர். பேருந்தைத் தவிர வேறு எதையும் ஒரு பக்கமாகத் திருப்பத் தெரியாதவன். அம்மா ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் சொல்லி முடித்தபின், தலையணை உறையை விலக்கிக்கொண்டு இருவர் முகத்தையும் பார்த்தான்.

"அம்மா சொல்றதும் ஒரு வகையில சரிதான். அவங்க நடந்தாங்க, ஒண்ணும் ஆகலை. நீ சொல்றதும் சரிதான்."

"சொல்லாம விட்டுரு," என்றாள் மாமியார். குரல் இறங்கியிருந்தது. "நாளை மறுநாள் கொடி கட்டிரலாம். இத்தனை வருஷம் இந்தப் புழுக்கத்துல கெடந்தாச்சு. மறுபடி ஆரம்பத்துல இருந்துன்னா, நான் தாங்க மாட்டேம்மா. தெருவுல என்னை உரிச்சு எடுத்துருவாங்க."

ஆமை கொடி கட்டிய திடலை நினைத்துப் பார்த்தாள். துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறவளுக்குத் தன் கால் தெரியாது. பந்துக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளைக்கு எதுவுமே தெரியாது. அந்த இரண்டும் அவள் மனதை விட்டுப் போகவில்லை.

காலையில் கேப்டனிடம் போனாள். குழுத் தலைவர் ராணுவத்தில் இருந்தவர் அல்ல. அவர் போட்டிருந்த தொப்பியால் வந்த பெயர் அது. தகரக் கொட்டகையில் வயிற்றெரிச்சல் மாத்திரையைச் சப்பிக்கொண்டு, ஒப்படைப்பு விழாவில் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அவர் தலை வழுக்கை என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வேற யார்கிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான்."

அவர் ஜன்னல் வழியாக நாற்காலிகளைப் பார்த்தார். சொல்லாமல் விடலாமா என்று அவரும் நினைக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. அதற்காக அவர்மேல் கோபம் வரவில்லை. ராத்திரி முழுக்க அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள்.

"எனக்கு அப்பவே உறுத்துச்சும்மா. மழைக்கு அப்புறம் மேற்குப் பக்கம் அளவு இடிச்சுது. அளக்குற நாடா நனைஞ்சு இழுபட்டிருக்கும்னு நினைச்சு, வரைபடத்தைக் குச்சிக்குத் தகுந்த மாதிரி திருத்திட்டேன். யாரு குச்சியைப் பிடுங்கி ஒழுங்கா நட்டுட்டுப் போவான்னு நினைச்சேன்." மாத்திரையைக் கடித்து விழுங்கினார். "எடுத்தது யாரு?"

"எங்க வீட்லதான்."

"யாரோ எடுத்துட்டாங்கன்னு சொல்லிக்கலாம். பேரு வேணாம்."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். விழாவைத் தள்ளிவைத்தார், பெரிய இடங்களிலிருந்து வந்த வசவை வாங்கிக்கொண்டார், பெயரை மூச்சுவிடவில்லை. ஆனால் மாமியார் வாயை யார் காப்பாற்றுவது? மத்தியானத்துக்குள் தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு, "நாலு கட்டையை எடுத்ததுக்கு என் மருமக என்னைக் காட்டிக்குடுத்துட்டாளே" என்று அவளே ஒப்பாரி வைத்தாள். யார் காட்டிக்கொடுத்தார்கள் என்பதைக் கேட்க வந்த தெரு, யார் எடுத்தார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டு போனது. சாயங்காலம் அவளைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு வீட்டுத் துணி துவைக்காமலேயே திரும்பிப் போயிற்று. அன்றிலிருந்து மாமியார் மருமகளிடம் பேசுவதில்லை. "உன் பொண்டாட்டியைச் சாப்பிடச் சொல்லு" என்று மகனிடம் சொல்வாள், மருமகள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

கறை பட்ட விரிப்பையும் விடுதிக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அதை மாமியார் மடித்து, துணிகளுக்கெல்லாம் அடியில் வைத்துவிட்டாள்.

மேற்குப் பக்கம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. முடிந்துவிட்டது என்று உடம்பு ஒருமுறை நம்பிவிட்டால், அதை மறுபடி வேலைக்கு எழுப்புவது பெரும்பாடு. குழுவில் ஒருவர்கூட ஆமையைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கவச அங்கியை மாட்டும்போது எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். அது தினமும் காலையில் அவள் காதில் விழுந்தது.

கருவி கத்தும். கத்தினால் நின்று, படுத்து, கூர்க்கம்பியால் சரிவாகக் குத்திப் பார்த்து, கரண்டியால் மண்ணைச் சிட்டிகை சிட்டிகையாக எடுக்க வேண்டும். வியர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்க முடியாது, முன்னால் கண்ணாடி. கடைசியில் ஒரு ஆணி. மறுபடி கத்தும். ஒரு பாட்டில் மூடி. மறுபடி. சட்டைப் பொத்தான், சவரத் தகடு, மீன் டப்பா மூடி, வளைந்த ஸ்பூன். இந்த ராணுவம் சண்டை போட்டதா, இல்லை உட்கார்ந்து தின்றுகொண்டே இருந்ததா என்று ஆமைக்குச் சந்தேகம் வந்தது. ஒவ்வொரு மூடிக்கும் வெடிக்குக் கொடுக்கிற அதே மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் கொடுமை. எது மூடி, எது மூடியில்லை என்று எடுத்தபின்தான் தெரியும். முழங்கால் இரண்டும் வீங்கி, மாலையில் படியேறும்போது கைப்பிடியில் தொங்கிய ஈரத் துண்டுகளைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறினாள்.

கடைசிச் சாண் வரைக்கும் பார்த்து முடித்தார்கள். ஒன்றும் இல்லை.

அந்தத் தொழிலில் 'ஒன்றும் இல்லை' என்பதுதான் நல்ல சேதி. ஆனாலும் ஒன்றாவது கிடைத்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் ஆமைக்குத் தோன்றியது. ஒன்றே ஒன்று கிடைத்திருந்தால் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம். அப்படி நினைத்ததும் மழையில் கல்லும் குச்சியுமாக நின்ற அத்தை ஞாபகம் வந்து, உடம்பு கூசியது.

"ஒண்ணும் இல்லாததுக்கா இத்தனை நாளு?" என்றார் டீக்கடைக்காரர். சர்க்கரை அன்று தூக்கலாக இல்லை.

விழா நடந்தது. பேச வேண்டியவர்கள் பேசினார்கள். பிறகு குழுவின் வழக்கப்படி எல்லோரும் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கை கோத்துக்கொண்டு, ஒரே வரிசையாகத் திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார்கள். நாங்கள் சுத்தம் செய்த மண்ணை நாங்களே முதலில் மிதிக்கிறோம் என்பது அதற்குப் பொருள். தெரு ஓரமாக நின்று கைதட்டியது. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. யாரும் உள்ளே கால் வைக்கவில்லை.

மறுநாளும் வைக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும். முள்கம்பி இருந்த இடத்தில் இப்போது கம்பி இல்லை, ஆனாலும் எல்லோரும் அது இருப்பதுபோலவே சுற்றிக்கொண்டு போனார்கள். பந்து உருண்டு உள்ளே போனால் பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டு வேறு பந்துக்கு வழி பார்த்தார்கள். குழு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. ஆமைக்கு முழங்கால் ஆறும்வரை ஓய்வு. கேப்டன் போகும்போது திடலைத் திரும்பிப் பார்த்தார், ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அவள் டீக்கடையில் கேட்டாள், "ஏன் அண்ணே யாரும் போகல?"

"கோவிச்சுக்காதம்மா. முடிஞ்சுதுன்னீங்க. நாள் குறிச்சீங்க. அப்புறம் முடியலைன்னீங்க. இப்ப மறுபடி முடிஞ்சுதுங்கறீங்க. எதை நம்பறது? நீ முன்னாடியே கம்முன்னு இருந்திருந்தா, இந்நேரம் நாங்க பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருந்திருப்போம்." கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். "லாரி நிறுத்த இடம் வேணும்னு யாரோ வந்து அளந்து பாத்துட்டுப் போறாங்களாம். யாரும் வராத இடம்தானேன்னு கேட்டாங்களாம். அவங்க சுவர் வச்சுட்டா அவ்வளவுதான்."

ஆமை டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். உண்மையைச் சொன்னதற்கு இது கூலியா என்று இருந்தது. பொய் சொல்லியிருந்தால் திடல் கிடைத்திருக்கும், உண்மையைச் சொன்னதால் திடல் போகப்போகிறது. இதைப் போய் யாரிடம் முறையிடுவது? வீட்டுக்கு வந்து ஈர விரிப்புகளுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணில் நீர் வந்தது. துடைக்கத் துணிக்குப் பஞ்சமில்லை.

மாமியார் துணிகளை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். மகன் வேலைக்குப் போயிருந்தான். தூது போக ஆளில்லை.

"ஏம்மா." வாரக்கணக்கில் பேசாதவள் நேராக அவளையே கூப்பிட்டாள். "நான் குச்சியை மாத்தி நட்ட இடம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அந்தப் பட்டை முழுக்க மறுபடி முழங்கால் போட்டவ நான்தானே."

"வந்து காட்டு."

துவைத்த விரிப்புகளைக் கூடையில் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடியிலிருந்து கறை பட்ட விரிப்பையும் உருவி மேலே போட்டாள். இருவரும் தெருவில் நடந்தபோது வாசல்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. முற்பகல் வெயில் நன்றாக ஏறியிருந்தது. துணி காய்வதற்கென்றே அடிக்கிற வெயில்.

திடலின் ஓரத்தில் மாமியார் நின்றுவிட்டாள். இன்னொரு அடி வைக்கவில்லை.

"என்ன அத்தை?"

"கால் வரமாட்டேங்குதும்மா." கூடையை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். "அன்னிக்கு ஒண்ணும் தெரியல. தைரியமா நடந்தேன். நீ அன்னிக்குப் படியில உக்காந்தியே, அந்த மூஞ்சியைப் பாத்ததுலருந்து ராத்திரியில கண்ணை மூடினா காலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டும் இருக்கான்னு."

இத்தனை நாள் பேசாமல் இருந்தது கோபத்தால் மட்டும் இல்லை என்பது ஆமைக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் கறை பட்ட விரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். ஓடை ஓரத்தில், பழைய வரிசைக்கும் புது வரிசைக்கும் நடுவில் அவள் முழங்கால் தேய்ந்த இடத்தில், அதை விரித்தாள்.

"இங்கதான் அத்தை. இந்த இடம்தான்."

காட்டுவதற்காக அதன்மேல் உட்கார்ந்தாள். மண் சூடாக இருந்தது. இந்த மண்ணில் முழங்கால் போட்டிருக்கிறாள், குப்புறப் படுத்திருக்கிறாள், ஆனால் உட்கார்ந்ததே இல்லை. காலை நீட்டிப் பார்த்தாள். வீங்கிய முழங்கால்களுக்குச் சூடு இதமாக இருந்தது. ஒரு நிமிடம் சாய்ந்துகொள்ளலாம் என்று சாய்ந்தாள். கவசம் இல்லாத முதுகு தரையில் முழுசாகப் படிந்தது. மாமியாரைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே ஒருக்களித்துப் படுத்தாள். எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்த தூக்கம் வந்து அவளை அப்படியே அள்ளிக்கொண்டு போயிற்று.

பாதி விழிப்பில் மாமியார் குரல் தூரத்திலிருந்து கேட்டது. "ஏம்மா! ஏய், ஏம்மா!" குரலில் பயம் இருந்தது. எழுந்திருக்க வேண்டும், உடம்பு கேட்கவில்லை. பிறகு காலடி. மெதுவாக ஒன்று. நின்றது. இன்னொன்று. பிறகு தடதடவென்று ஓட்டமாக வந்தது. மூக்குக்கு முன்னால் ஒரு விரல் மூச்சு வருகிறதா என்று பார்த்தது. அந்த விரலில் சோப்பு வாசனை.

"தூங்குறா," என்றாள் மாமியார், தனக்குத்தானே. பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஈர விரிப்பை உதறும் சத்தம் வந்தது. நெருஞ்சி கூட முளைக்காத புதுமண்ணில் விரித்தாள். அடுத்ததை உதறினாள். ஓரங்களை இழுத்துச் சரிசெய்கிற அந்தக் கையை ஆமை கண்ணை மூடிக்கொண்டே பார்த்தாள்.

தெருப்பக்கம் பேச்சு எழுந்தது. "என்ன அது, விழுந்துட்டாளா?" "இல்லப்பா, படுத்திருக்கா." "அங்கேயா? தூங்குறாளா?" "வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறா பாரு." யாரோ சிரித்தார்கள். கிளாஸ் ஒன்றோடொன்று மோதும் சத்தம் வந்தது, டீக்கடைக்காரர்தான். கூடவே வேறு கால்கள்.

ஆமையின் காது மண்ணில் இருந்தது. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டே பழகிய காது. இப்போது மண்ணுக்கு மேலிருந்து சத்தம் வந்தது. செருப்புக் கால், வெறுங்கால், கனத்த நடை, இழுத்து இழுத்து நடக்கிற வயசான நடை. ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. கடைசியில் பந்தும் கையுமாகப் பிள்ளைகள் கூட்டமாக ஓடிவந்தன.

"ஷ்ஷ்!" மாமியார் சீறினாள். "மெதுவா நடங்கடா. தூங்குறா இல்ல? எழுப்பினீங்கன்னா காலை ஒடிச்சிருவேன்."

ஓட்டம் நின்றது. பிள்ளைகள் நுனிக்காலால் நடந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவளைச் சுற்றிப் போயின. அவளுக்கு எல்லாம் கேட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.